மாற்றுத்திறனாளி மாணவர்களும் தொழில்நுட்பமும்: பி.எட். வகுப்பிலேயே கற்க வேண்டியவை

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் ஈராண்டு பி.எட். படிப்புக்கு வகுத்த பாடச் சட்டகத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, எல்லாக் குழந்தைகளையும் உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குவது பற்றியது. இன்னொன்று, கணினியையும் தகவல் தொழில்நுட்பத்தையும் வகுப்பறையில் பயன்படுத்துவது பற்றியது. முதலாவதில் சட்டங்கள், குறைபாடுகளின் வகைகள், வரையறைகள். இரண்டாவதில் பவர்பாயின்ட், ஸ்மார்ட் போர்டு, இணையத் தேடல். இரண்டையும் வேறு வேறு பேராசிரியர்கள் நடத்துவார்கள், வேறு வேறு நாளில் தேர்வு நடக்கும், பல கல்லூரிகளில் இவை சந்தித்துக்கொள்வதே இல்லை.

விளைவு என்ன? பார்வைக் குறைபாட்டின் வரையறையை ஒரு மாணவாசிரியர் பிழையில்லாமல் எழுதுவார். பறந்து வந்து விழும் எழுத்துகளோடு அழகான ஸ்லைடும் செய்வார். அந்த ஸ்லைடை, தான் வரையறை எழுதிய அதே குழந்தையால் படிக்க முடியாது என்பது மட்டும் அவருக்குத் தெரியாமலே படிப்பு முடிந்துவிடும். இந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்று, புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வழக்கமாக வரும் ஒரு கேள்வி: 'இதற்கெல்லாம் சிறப்பாசிரியர் இருக்கிறாரே, எனக்கு எதற்கு?'

இந்தியாவில் ஆசிரியர் கல்வி இரண்டு தடங்களில் ஓடுகிறது. பொதுவான பி.எட்., தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் கீழ் வரும். சிறப்புக் கல்விக்கான பி.எட்., 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் கீழ் வரும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சிறப்புப் பயிற்றுநர்கள் பெரும்பாலும் வட்டார வளமையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போய்வருகிறவர்கள். அவர் வராத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், அந்தக் குழந்தை உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கும். கணக்கையும் அறிவியலையும் நீங்கள்தான் நடத்தப் போகிறீர்கள்.

அப்புறம், யார் இந்தக் குழந்தைகள் என்பதிலும் நம் மனப்படம் பழையது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அதை 21 ஆக்கியது. எழுத்துகளைப் படிக்கத் திணறும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அதில் வந்தன. சக்கர நாற்காலியையோ வெள்ளைக் கோலையோ தேடிக்கொண்டிருந்தால், மூன்றாவது பெஞ்சில் எந்த அடையாளமும் இல்லாமல் 'சோம்பேறி' என்று பேர் வாங்கிக்கொண்டிருக்கும் பையனைத் தவறவிடுவோம். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகங்களும் தகுந்த உதவிக் கருவிகளும் இலவசமாகத் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. கருவி வந்துவிடலாம். அதை வைத்துப் பாடம் நடத்தத் தெரிந்தவர் வேண்டுமே.

தொழில்நுட்பம் என்றால் எது?

'உதவித் தொழில்நுட்பம்' என்றதும் விலை உயர்ந்த இயந்திரம் ஒன்று நினைவுக்கு வரும். சாய்வான எழுதுமேசை, தடித்த கோடு போட்ட நோட்டு, பென்சிலில் மாட்டும் ரப்பர் பிடி, வரிக்கு வரி நகர்த்திப் படிக்க ஓர் அட்டைத் துண்டு, இவையும் உதவித் தொழில்நுட்பம்தான். பார்வையற்ற மாணவர்கள் குழிகளில் எண் அச்சுகளைச் செருகிக் கணக்குப் போடும் 'டெய்லர் ஃபிரேம்' பலகைக்கு மின்சாரமே வேண்டாம். இந்த முனையில் தொடங்கினால் மறுமுனையில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைபடிப்பான், விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்தைக் காட்டும் மின்கருவி, படத்தைத் தொட்டால் பேசும் டேப்லெட் எல்லாம் இருக்கின்றன.

இதில் ஒரு பிரிவினையை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொள்வது நல்லது. ஒரு குழந்தைக்கென்று தனியாகத் தரும் கருவிகள் ஒரு வகை. நீங்கள் எல்லோருக்கும் தரும் பொருள்களை, அதாவது ஸ்லைடு, வினாத்தாள், வாட்ஸப்பில் அனுப்பும் வீட்டுப்பாடம் ஆகியவற்றை, எல்லோராலும் பயன்படுத்த முடிகிற மாதிரி தயாரிப்பது இன்னொரு வகை. முதலாவதற்கு மருத்துவர், சிறப்பாசிரியர், அரசுத் திட்டம், பெற்றோர் எனப் பலர் வேண்டும். இரண்டாவது முழுக்க முழுக்க ஆசிரியர் கையில் இருக்கிறது, ஒரு ரூபாய் செலவில்லை. பி.எட். கல்லூரி பிந்தையதில் தன் நேரத்தில் பாதியையாவது செலவிட வேண்டும் என்பது என் கட்சி. நடப்பில் இரண்டையும் விட்டுவிட்டு, கருவிகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

கருவியைக் கடைசியில் யோசிப்பது

1990களில் அமெரிக்காவில் ஜாய் சபாலா என்பவர் ஓர் எளிய முறையை வகுத்தார். 'செட்' என்று அதற்குப் பெயர். நான்கு கேள்விகள்: மாணவர் யார், சூழல் என்ன, செய்ய வேண்டிய வேலை என்ன, அதற்கு என்ன கருவி. இந்த வரிசைதான் முக்கியம். கருவி கடைசியில் வருகிறது. நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கும். கருவி முதலில் வந்து இறங்கும், அப்புறம் அதை யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுவோம்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். எட்டாம் வகுப்பு மாணவி, குறைபார்வை. கரும்பலகையைப் பார்த்து எழுத முடியவில்லை. உடனே 'டேப்லெட் வாங்கித் தரலாமா?' என்று கேட்கத் தோன்றும். பொறுங்கள்.

மாணவரிலிருந்து தொடங்குவோம். 12 அளவு எழுத்தை அவளால் படிக்க முடியவில்லை. 24 அளவில், கருப்பு மையில் அச்சிட்டால் படிக்கிறாள். வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தால் ஒன்றும் தெரியவில்லை. மற்றவர்கள் பார்க்கும்படி பெரிய லென்ஸ் எதையும் எடுக்கக் கூச்சப்படுகிறாள். இந்தக் கடைசித் தகவல் எந்த மருத்துவ அறிக்கையிலும் இருக்காது, அவளிடம் கேட்டால்தான் கிடைக்கும்.

சூழலில், வகுப்பில் நாற்பது பேர். சன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுப் பளபளக்கிறது. மாணவர்கள் கைபேசி கொண்டுவரக் கூடாது என்று பள்ளியில் விதி. ஆக, 'போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்' என்ற யோசனை இங்கே எடுபடாது, தலைமை ஆசிரியரிடம் தனி அனுமதி வாங்கினால் தவிர.

வேலை என்ன என்ற கேள்விதான் ஆசிரியரைச் சங்கடப்படுத்தும். அவள் செய்ய வேண்டியது வினா விடையைப் பலகையிலிருந்து நோட்டுக்குக் கொண்டுபோவதா, ஒளிச்சேர்க்கையைப் புரிந்துகொள்வதா? பார்த்து எழுதுவது பாடத்தின் நோக்கமே இல்லையென்றால், அதற்காக ஒரு கருவி எதற்கு? பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளை முதலிலேயே கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

இத்தனைக்கும் பிறகுதான் கருவி. இருக்கையைச் சன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காத பக்கம் மாற்றுவது, 24 அளவு அச்சுத்தாள், எழுதுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பலகையில் எழுதும் பழக்கம். பலகையில் வரையும் படங்களுக்கு இது போதாது என்றால் கையடக்கத் தொலைநோக்கி, அல்லது டேப்லெட். பாருங்கள், விலை உயர்ந்த பொருள் கடைசியில் வருகிறது, அதுவும் குறிப்பிட்ட ஒரு வேலைக்காக.

இந்த வரிசையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1993-இல் பெட்சி பிலிப்ஸ், ஹாங்சின் ஜாவோ இருவரும் அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் 227 பேரிடம் கேட்டார்கள். அவர்கள் பெற்ற கருவிகளில் 29.3 சதவீதம் பயன்படுத்தாமல் கைவிடப்பட்டிருந்தன. காரணங்களில் ஒன்று, கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்தப் போகிறவரின் கருத்தைக் கேட்காதது. கேட்டதும் சுலபமாகக் கிடைத்துவிட்டது என்பதும் காரணங்களில் ஒன்று! அவர்கள் கேட்டது பெரியவர்களிடம். வாய் திறந்து 'எனக்கு இது வேண்டாம் சார்' என்று சொல்லப் பழகாத பள்ளிக் குழந்தைகள் விஷயத்தில் நிலைமை இதைவிட நன்றாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

திரைபடிப்பானும் தமிழ் எழுத்துருவும்

மாணவாசிரியர்கள் ஒரே ஒரு மென்பொருளைத்தான் கற்க நேரம் இருக்கிறது என்றால் நான் திரைபடிப்பானைச் சொல்வேன். ஸ்கிரீன் ரீடர் என்றே பலரும் சொல்கிறார்கள். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள் அது. ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக் என்ற பெயரில் இருக்கும். விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ இலவசமாகக் கிடைக்கிறது. 2006-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் தொடங்கி, ஜேம்ஸ் டே சேர்ந்து வளர்த்தது. இருவருமே பார்வையற்றவர்கள். அதிலுள்ள ஈஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும், நாள்தோறும் கேட்பவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. பென் டிரைவில் வைத்து, கணினியில் நிறுவாமலேயே ஓட்டவும் முடியும் என்பதால் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம்.

இதை எதற்குப் பார்வையுள்ள ஆசிரியர் கற்க வேண்டும்? உங்கள் பாடக்குறிப்பு அதில் எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். என்விடிஏ-வில் திரையை முழுக்கக் கருப்பாக்கும் வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டு, நீங்களே தயாரித்த ஒரு கோப்பைத் திறந்து கேட்டுப் பாருங்கள். மூன்று விஷயங்களில் ஒன்றாவது கட்டாயம் இடிக்கும்.

ஒன்று, எழுத்துரு. இது தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தக் கையேட்டிலும் இருக்காது. டிடிபி கடைகளிலும் பழைய வினாத்தாள்களிலும் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் திரையில் அம்மா என்றுதான் தெரியும். கணினியின் உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள். தமிழ் எழுத்தின் படத்தை அவற்றின் மேல் மாட்டிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கண்ணுக்கு அம்மா, காதுக்கு 'எம் கே கே எச்'. திரைபடிப்பான் உள்ளே இருப்பதைத்தானே வாசிக்கும்? தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண்கள் உள்ள யூனிகோடு என்ற பொதுத் தரத்தில் தட்டியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது. ஆனாலும் பள்ளி வினாத்தாள் தட்டும் இடத்துக்கு அந்த ஆணை போய்ச் சேர்ந்த மாதிரி தெரியவில்லை. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துத் திருத்த வேண்டும்.

இரண்டு, படம். பலகையில் எழுதியதைப் போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸப் குழுவில் போடுவது இப்போது எல்லாப் பள்ளிகளிலும் வழக்கம். திரைபடிப்பானுக்கு அது வெறும் 'படம்'. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அதுவாகச் சொல்லாது. கூகுள் லென்ஸ் போன்ற செயலிகள் அச்சுத் தமிழை நன்றாகவே எழுத்தாக்குகின்றன. ஆசிரியரின் அவசரக் கையெழுத்தை நம்பி அவற்றிடம் விடக்கூடாது. இரண்டு வரி வீட்டுப்பாடம்தானே, குரலிலேயே தட்டச்சு செய்து அனுப்பிவிடலாம். 2017-இலிருந்து கூகுள் குரல் தட்டச்சில் தமிழ் இருக்கிறது. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் இதே வகைதான். கணக்குச் சமன்பாட்டைப் படமாக ஒட்டினாலும் அதே மௌனம்தான்.

மூன்று, அமைப்பு. வேர்டில் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, அளவைக் கூட்டி விட்டுவிடுகிறோம். பார்ப்பவருக்கு அது தலைப்பு. திரைபடிப்பானுக்கு அதுவும் இன்னொரு வரி. அதே தலைப்பை வேர்டின் 'ஹெடிங்' பாணியில் கொடுத்திருந்தால், என்விடிஏ-வின் வாசிப்பு முறையில் எச் விசையைத் தட்டித் தட்டி அடுத்த தலைப்புக்குத் தாவிப் போகலாம். பத்துப் பக்கப் பாடத்தில் நான்காம் தலைப்பைத் தேட முதல் வரியிலிருந்து கேட்டு வர வேண்டிய கஷ்டத்தை யோசித்துப் பாருங்கள். படங்களுக்கு 'மாற்று உரை', அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைபடிப்பான் வாசிக்கும் விளக்கம், எழுதுவதும் இதோடு சேர்ந்த வேலை. 'இதயத்தின் படம்' என்று எழுதுவதில் பயனில்லை. 'இதயத்தின் நான்கு அறைகள், மேலே இரண்டு ஆரிக்கிள்கள், கீழே இரண்டு வென்ட்ரிக்கிள்கள்' என்று எழுதினால் அது பாடம்.

புத்தகத்தை இப்படி மாற்றிக் கொடுத்தால் காப்புரிமைச் சிக்கல் வருமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். 2012-இல் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றவும் அதைக் கல்விக்காக அவர்களுடன் பகிரவும் இடம் கொடுத்துவிட்டது. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான், 2014-இல். 2016-இல் தொடங்கிய சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் இந்திய மொழிகளில் இப்படி மாற்றிய நூல்கள் கிடைக்கின்றன. உறுப்பினராகச் சேரப் பார்வைக் குறைபாடோ அச்சுநூலைப் படிக்க முடியாத வேறு குறைபாடோ இருக்க வேண்டும். மாணவருக்கு அதில் பதிவு செய்து கொடுப்பது ஆசிரியர் செய்யக்கூடிய நல்ல வேலை.

இத்தனை சொன்னாலும் பிரெய்லை மூட்டை கட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கேட்டுக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு ணகரமா னகரமா, ஒற்று மிகுமா மிகாதா என்பதெல்லாம் எப்படித் தெரியும்? விரலால் படித்தால்தான் எழுத்துக்கூட்டல் கைவரும். குரலும் பிரெய்லும் இரண்டும் வேண்டும்.

காது, பேச்சு, எழுத்து

செவித்துணைக் கருவி போட்டிருக்கும் குழந்தைக்கு எல்லாம் கேட்கும் என்பது ஆசிரியர்களிடையே பரவலாக இருக்கும் நினைப்பு. காது மெஷின் எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கும். ஆசிரியர் குரலோடு மின்விசிறி, நாற்காலி இழுபடும் சத்தம், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு எல்லாம் சேர்ந்து வரும். ஓரிரு மீட்டருக்குள் பேசினால்தான் அது நன்றாக உதவும். ஆசிரியர் சட்டையில் மாட்டும் தொலை ஒலிவாங்கி குரலை நேராகக் கருவிக்கு அனுப்பும். அது இல்லாத இடத்தில் முதல் வரிசை இருக்கை, பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் திரும்பி நின்று பேசுவது.

பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைக் கூகுள், காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து உருவாக்கி 2019-இல் வெளியிட்டது. தமிழிலும் எழுதும். நாற்பது பேர் சத்தத்தில் அது திணறும் என்பதையும், எழுத்து ஓடினால் போதும் குழந்தைக்குப் புரிந்துவிடும் என்பது தப்புக்கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழி முதல் மொழியாகவும் எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழியாகவும் இருக்கலாம். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, தமிழைக் கையால் காட்டுவது அல்ல அது. தில்லியிலுள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2018-இல் 3000 சொற்களோடு ஓர் அகராதியை வெளியிட்டு, பின்னர் அதைப் பெரிதாக்கியது. வீடியோக்களாக இணையத்தில் இருக்கிறது. உங்கள் பாடத்தின் பத்துக் கலைச்சொற்களையாவது அதில் பார்த்துப் பழகிக்கொள்ளலாம்.

பேச்சு வராத குழந்தைகளுக்கான செயலிகளில் ஒன்று நம் சென்னையில் பிறந்தது. ஆவாஸ் என்ற அந்தச் செயலியை அஜித் நாராயணனின் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யா சாகர் அமைப்பின் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் பழகி உருவாக்கியது. படங்களைத் தொட்டால் அது வாக்கியமாகப் பேசும், தமிழிலும். இங்கே மாணவாசிரியர் கற்க வேண்டியது பொத்தான்களை அல்ல, காத்திருப்பதை. குழந்தை மூன்று படங்களைத் தேடித் தொட அரை நிமிடம் ஆகும். அதற்குள் பக்கத்துப் பையன் பதில் சொல்லிவிடுவான், ஆசிரியரும் 'சரி, அடுத்து' என்று போய்விடுவார். அந்த டேப்லெட் அன்றிலிருந்து பையைவிட்டு வெளியே வராது. வேறொன்றும் உண்டு. சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை மூன்றுக்கும் படம் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். 'எனக்குப் பிடிக்கவில்லை', 'ஏன்?', 'நீ பொய் சொல்கிறாய்' என்று சொல்லவும் குழந்தைக்குப் படம் வேண்டும்.

கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு, பாடத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணால் தொடர்வது பெரிய உதவி. யூனிகோடில் இருக்கும் எந்தப் பாடத்தையும் போனே வாசித்துவிடும். முன்பு சொன்ன எழுத்துரு விஷயம் இங்கேயும் வந்து நிற்கிறது, கவனித்தீர்களா? பார்வையற்ற ஒரு மாணவருக்காகச் செய்த மாற்றம் பார்வையுள்ள மூன்று மாணவர்களுக்குப் பயன்படுகிறது. கை நடுக்கமோ கை அசைவுக் குறைபாடோ உள்ளவர்களுக்கு விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஏற்கெனவே வசதிகள் உண்டு: சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தவிடும் ஸ்டிக்கி கீஸ் (விண்டோஸில் ஷிப்ட்டை ஐந்து முறை தட்டினால் வரும்), திரை விசைப்பலகை, ஒரே பொத்தானால் போனை இயக்கும் முறை. அமைப்புகள் பகுதியில் ஒரு மணி நேரம் செலவிட்டால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

கல்லூரியில் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

தனித் தாள் ஒன்றைக் கூட்டுவதால் எதுவும் நடக்காது. இருக்கும் தாள்களே அதிகம். ஏற்கெனவே செய்கிற வேலைகளுக்குள் இதைச் செருகுவதுதான் வழி.

பாடக்குறிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். எல்லா மாணவாசிரியர்களும் குறிப்பு எழுதிக் குவிக்கிறார்கள். அதில் 'துணைக்கருவிகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழேயே, 'இதைப் பார்க்க முடியாத, கேட்க முடியாத, படிக்கத் திணறும் மாணவர் எப்படிப் பெறுவார்?' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், வாரத்துக்குப் பல முறை அதை யோசிக்க வேண்டியிருக்கும். முதல் மாதம் எல்லோரும் 'சிறப்புக் கவனம் செலுத்தப்படும்' என்று எழுதுவார்கள். அதை அடித்துத் திருப்பிக் கொடுக்கிற பேராசிரியர் வேண்டும்.

டெமோ வகுப்பில், கவனிப்பவர்களில் ஒருவர் திரைக்கு முதுகைக் காட்டி உட்காரட்டும். வகுப்பு முடிந்ததும் ஸ்லைடில் என்ன இருந்தது என்று அவரிடம் கேட்கலாம். 'இதோ இங்கே பாருங்கள், இது இப்படிப் போய் இதில் சேர்கிறது' என்று சொல்லிச் சொல்லியே பாடம் நடத்துகிறோம் என்பது அப்போது தெரியும். 'இலையிலிருந்து வரும் உணவு தண்டு வழியாக வேருக்குப் போகிறது' என்று சொல்லப் பழகினால் அது எல்லா மாணவர்களுக்கும் நல்லது.

இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றிவரச் சொல்லும் பயிற்சியில் எனக்கு நம்பிக்கையில்லை. திடீரென்று கண் கட்டப்பட்டவருக்குக் கிடைப்பது பயமும் பரிதாபமும். பல வருடங்களாகப் பார்வையில்லாமல் வாழ்ந்து, திரைபடிப்பானை மற்றவர்கள் பின்தொடர முடியாத வேகத்தில் ஓட்டும் ஒருவரின் திறமையைப் பற்றி அதில் ஒன்றும் தெரியவராது. பயிற்சி நம் பாடப்பொருளைச் சோதிக்கட்டும், அவர்கள் வாழ்க்கையை நடித்துக் காட்ட வேண்டாம்.

தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவர்களிடமே கேட்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பார்வையற்ற ஆசிரியர்கள் பலர் வேலை செய்கிறார்கள். பி.எட். வகுப்பிலேயே பார்வையற்ற மாணவாசிரியர் ஒருவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஒரு மணி நேரம் அவரை வகுப்பெடுக்கச் சொல்லுங்கள், போனை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று காட்டச் சொல்லுங்கள். அவருக்குக் கல்லூரி கொடுக்கும் நோட்ஸே ஜெராக்ஸ் தாளாக இருந்தால், உள்ளடங்கிய கல்வி பற்றிய தாளை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் வாரங்களில் ஒரு நாளையாவது சிறப்புப் பயிற்றுநரோடு கழிக்க ஏற்பாடு செய்யலாம். அவர் பையில் என்ன வைத்திருக்கிறார், எந்தக் கருவி அலமாரியில் தூங்குகிறது, ஏன் தூங்குகிறது என்று பார்க்கலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் முட்டுக்காட்டிலுள்ள, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்துக்குப் போய்வரலாம். 2005-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் கருவிகளைத் தொட்டுப் பார்த்து, இயக்குகிறவர்களிடம் பேச முடியும். 'செட்' முறையை வைத்து, தான் பாடம் நடத்திய ஒரே ஒரு குழந்தையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால் அதுவே போதுமான ஒப்படைவு.

கடைசியாகத் தேர்வு. மாணவர் ஆண்டு முழுக்கத் திரைபடிப்பானில் படித்துக் கணினியில் எழுதிப் பழகுகிறார் என்று வையுங்கள். நம் மாநிலப் பொதுத்தேர்வில் வழக்கமான சலுகை, சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும். சொல்லி எழுதவைப்பது முற்றிலும் வேறு திறமை. நிறுத்தற்குறியைச் சொல்ல வேண்டும், படத்தை வார்த்தையில் விளக்க வேண்டும், எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லித் திருத்த வேண்டும். கணினியில் மட்டுமே பழகிய மாணவர் தேர்வறையில் தடுமாறிப் போவார். சிபிஎஸ்இ சிறப்புத் தேவையுள்ள மாணவர்கள் கணினியில் விடை எழுத அனுமதிக்கிறது. எந்த வாரியம், என்ன சலுகை, எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதை ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே பெற்றோரோடு உட்கார்ந்து பேசிவிட்டு, தேர்வில் எந்த முறையோ அந்த முறையில் வகுப்புத் தேர்வுகளையும் எழுத வைக்க வேண்டும். சொல்வதை எழுதுபவரோடு குறைந்தது சில மாதாந்திரத் தேர்வுகளையாவது எழுதிப் பழகினால்தான் பொதுத்தேர்வின் முதல் நாள் அந்த அறையில் இருவரும் ஒருவரையொருவர் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.